மிஷின் துடுப்பைப் பளபளப்பாக்கிய கதை

அலுமினியப் பாத்திரத்தை எங்கள் வீட்டில் பாத்திரம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பித்தளை உண்டு, வெண்கலம் உண்டு, மீன் குழம்புக்கு மண்சட்டி உண்டு. அலுமினியம் என்றால் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற தட்டு, அவ்வளவுதான். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சாமான்கள் அடுக்களைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமைதோறும் அத்தனையையும் இறக்கிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கர்த்தர் எங்கள் ஆத்துமாவைப் பார்க்கிறதுக்கு முந்தி, சனிக்கிழமையே அம்மா பாத்திரங்களைப் பார்த்துவிடுவாள். இரண்டில் எந்தப் பரிசோதனைக்கு நிற்பாய் என்று கேட்டால் நான் கர்த்தர் பக்கம்தான் சாய்வேன். அவர் அவ்வளவு கிட்டே வந்து பார்க்கமாட்டார்.

எங்கள் ரொட்டிக்கடை ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து போட்ட கடை. முன்னால் கடை, நடுவில் அடுப்பறை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிணறும் துணி துவைக்கிற கல்லுமாகப் புறவாசல். காலையில் எழுந்தால் ஒரு பக்கம் ரொட்டி வேகிற வாசனை, இன்னொரு பக்கம் கடற்கரையிலிருந்து கருவாட்டு வாசனை. எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வாசனையும் சேர்ந்ததுதான் காலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன், அப்பா ஒரு மிஷின் வாங்கி வந்தார். சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்த காலம். லாரி, கூடாரம், பூட்ஸ் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அப்பா மட்டும் மாவு பிசைகிற மிஷினோடு வந்து இறங்கினார். என்னைவிட உயரம். தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். தலைக்குக் கீழே நான் உள்ளே இறங்கி உட்காரலாம் போல ஒரு குண்டான். சுவிட்சைப் போட்டால் தலையிலிருந்து தொங்குகிற கை, தானும் சுற்றிக்கொண்டு குண்டானையும் சுற்றிவரும். தெருவே கூடி நின்று பார்த்தது.

அந்தக் கை ஒன்று அல்ல, மூன்று. மாற்றி மாற்றி மாட்டவேண்டும். எதற்கு எது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட உடன் வரவில்லை. முதல்நாள் அப்பா மெல்லிய கம்பிகளால் ஆன கையை மாட்டி ரொட்டி மாவைப் பிசையப்போய், கம்பிகள் மூலைக்கு ஒன்றாக வளைந்து, மிஷின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கையால் பிசையப் போனார்.

அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மிஷின் மாமா. அவர் எங்கள் உறவு இல்லை. காசிமேட்டுக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். அவருடைய அண்ணன் ஒரு நாள் கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லை. அதற்கப்புறம் மிஷின் மாமாவின் பெண்டாட்டி கைக்குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், இனிமேல் மரத்தில் கால் வைக்கக்கூடாது என்று. அதனால்தான் அவர் கரையில் வேலை தேடி, எங்கள் கடைக்கு மாவு மூட்டை இறக்க வந்தார். வந்த ஒரு மாதத்தில் மிஷின் அவர் சொன்னால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது. மூன்று கைகளுக்கும் பேர் வைத்ததும் அவரே. தட்டையாக, நடுவில் இடைவெளி விட்டு இருந்தது துடுப்பு. வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்க. வளைந்திருந்தது கொக்கி, ரொட்டி மாவுக்கு. கம்பியாக இருந்தது கூண்டு, முட்டை அடிக்க. வெள்ளிக்கிழமைகளில் மிஷினின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைப்பார். அப்பா வேதக்காரர், கிறிஸ்தவர், பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

வேலை முடிந்ததும் அவர் அந்தச் சாமான்களைக் கழுவுகிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பன் ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் ஒட்டியிருக்கிற மாவை மரக்கரண்டியால் வழித்தெடுப்பார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

“வெந்நீ ஊத்தினா முட்டை வெந்து அப்டியே ஒட்டிக்கும் பாப்பா. அப்பால உளி வச்சி செதுக்கினாத்தான் வரும். காய வுட்டாலும் பேஜாரு, கொதிக்க ஊத்தினாலும் பேஜாரு.”

பழைய வேட்டித் துணியில் சோப்பைத் தடவி மெல்லத் துடைப்பார். நல்ல தண்ணீரில் அலசுவார். ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் இன்னொரு துணியால் ஒற்றுவார். மூன்றையும் குண்டானுக்குள் போட்டு வைக்க மாட்டார், கூண்டு நசுங்கும் என்பார். சுவரில் மூன்று ஆணி அடித்து ஆளுக்கொன்றாக மாட்டியிருந்தார். கடல்காற்று உப்புக்காற்று, ஈரத்தோடு விட்டால் எல்லாம் போச்சு என்பார். துடுப்பும் கொக்கியும் மங்கிய சாம்பல் வெள்ளையில் இருக்கும். மினுமினுப்பு என்று எதுவும் கிடையாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தை ஊரிலிருந்து வந்தாள். அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை எடுத்து வளர்த்தவள். அதனால் அத்தை நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா நிற்பார். அம்மாவோ, அத்தை வருகிறாள் என்று கடிதம் வந்த அன்றைக்கே உத்தரத்தில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை வாயிலிருந்து அம்மா ஒரு நல்ல வார்த்தை கேட்டது கிடையாது. மீன் குழம்பில் உப்பு கூடினால் அம்மாவின் குறை. உப்பு சரியாக இருந்தால் மீன் நல்ல மீன். இப்படியிருந்தது வழக்கு.

வந்த மறுநாள் அத்தை அடுப்பறையைப் பார்வையிட்டாள். ஆணியில் தொங்கிய துடுப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“ஏளா, இது கழுவினதா, இனிமேதான் கழுவப் போறியா?”

“அது கடைச் சாமான் மதினி. மிஷின்காரர் கழுவுதாரு” என்றாள் அம்மா.

“கடை யாரு கடை? ஊரான் கடையா? ஆம்பள கழுவின லச்சணம் பாத்தாலே தெரியுதுல்லா. இதுல செஞ்ச கேக்கைத்தான் கோயிலுக்கு வாரவளெல்லாம் வாங்கித் திங்காளா?”

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே துடுப்பும் கொக்கியும் புறவாசலுக்கு வந்துவிட்டன.

சாம்பலுக்கு எங்களுக்குப் பஞ்சமா? ரொட்டி அடுப்புச் சாம்பல் மூலையில் மலையாகக் குவிந்திருந்தது. அம்மா பழைய புளியை ஊறவைத்து, சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துடுப்பின் இடைவெளிக்குள் அம்மாவின் கை போகாது. “ஏட்டி, உன் விரல்தான் நுழையும், வா” என்றாள். பெரியவர்களுக்கு முடியாத வேலை எனக்கு முடிகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேய் தேயென்று தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேல் என்று தண்ணீர் வழிந்தது.

“பாத்தியாட்டி எம்புட்டு அழுக்குன்னு! இதைத்தானே இத்தனை நாளும் ஊரே தின்னுருக்கு!” என்றாள் அம்மா. அவளுக்கு அருவருப்பு பாதி, சந்தோஷம் பாதி.

தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மறுபடி தேய்த்தோம். மறுபடியும் கறுப்பு. மூன்றாம் தடவையும் கறுப்பு. எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம் வந்தது. பித்தளை அண்டாவாக இருந்தால் இரண்டாம் தடவை தெளிந்த தண்ணீர் வந்துவிடும். இதற்குள்ளே அழுக்கு எங்கேயிருந்து இப்படி ஊறிக்கொண்டே வருகிறது? அம்மாவிடம் கேட்டேன். “நாள்பட்ட அழுக்கு அப்படித்தான்” என்றாள். சரி, நாள்பட்டது போல என்று நானும் தேய்த்தேன்.

ஆனால் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது துடுப்பு வெள்ளி மாதிரி மின்னியது. அத்தை அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். “இப்பத்தான் இது பாத்திரம். கைகாரிதான் நீ” என்றாள். அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அன்று ராத்திரி ஜெபத்தில் அம்மா கீர்த்தனையை இரண்டு கட்டை உயர்த்திப் பாடினாள். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் மிஷின் மாமா ஆணியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயோ, இன்னாம்மா பண்ணிட்டீங்க! புளி போட்டீங்களா? சாம்பலுமா? அலுமினியம்மா இது. தேய்ச்சா கறுப்பு வுட்டுக்கினே இருக்கும்மா, நிக்கவே நிக்காது. எங்க வூட்ல பூரா அலுமினியம்தான் கீது, நம்ம பொண்டாட்டி துணி போட்டுத்தான் கழுவுவா.”

அம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ இல்லையோ, கடைசி வார்த்தை விழுந்துவிட்டது. பக்கத்தில் அத்தை வேறு நிற்கிறாள்.

“எங்க வீட்டுச் சாமானை எப்படிக் கழுவணும்னு உங்க வீட்டுல வந்து கேக்கணுமோ?” என்றாள்.

மிஷின் மாமா துணியை எடுத்துத் துடுப்பைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துணி கறுத்தது. வேறு துணி எடுத்தார். அதுவும் கறுத்தது. நான் பன்னைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கழுவினால் அழுக்கு போகும் என்பார்கள். இவர் கழுவினால் அழுக்கு வரும் என்கிறார். இரண்டு பேரும் பெரியவர்கள், இரண்டு பேரும் கோபமாக இருக்கிறார்கள். நான் யாரை நம்புவது?

அன்றைக்கு அடித்த வெண்ணெய் கறுத்துவிட்டது. கறுப்பு என்றால் மைக்கறுப்பு இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்தால் பஞ்சு மாதிரி வெளுத்து வரவேண்டும். அது மழைமேகம் மாதிரி வந்து நின்றது. பிளம் கேக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதுவே கறுப்பு. ஆனால் அந்த வாரம் சபையில் ஒரு கல்யாணம். வெள்ளைக் கேக்குக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார், நக்கிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கையால் அடித்தார். அவர் தோள் இரண்டு நாளைக்கு எழும்பவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதுகூட எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. முதலில் சர்க்கரைமேல் பழி விழுந்தது, ரேஷன் சர்க்கரை அப்படித்தான் என்று. சர்க்கரையை மாற்றினார்கள். பிறகு வெண்ணெய்க்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு பாத்திரத்தோடு போய்விட்டார். பிறகு கண்ணேறு என்றாள் அத்தை. வேதக்காரர் வீட்டில் கண்ணேறு கழிக்க முடியாது, அதனால் உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அவர் மிஷினின் தலைமேல் கையை வைத்து, நெற்றியில் இருந்த பழைய குங்குமத்தைப் பார்த்துத் தயங்கி, கையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நெடுநேரம் ஜெபித்தார். மறுநாளும் வெண்ணெய் கறுத்தது.

ஒவ்வொரு தடவை கறுக்கும்போதும் அம்மா, “இன்னும் அழுக்கு போகலை” என்று முன்னைவிட அதிகமாகச் சாம்பலை அள்ளிக்கொண்டு உட்காருவாள். நானும் உட்காருவேன். என் விரல் நுனியெல்லாம் புளி பட்டுச் சுருங்கிவிட்டது. தேய்க்கத் தேய்க்கத் துடுப்பு பளபளத்தது. துடுப்பு பளபளக்கப் பளபளக்க வெண்ணெய் கறுத்தது. இதில் ஏதோ ஒன்று மற்றொன்றோடு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று என் மண்டைக்குள் லேசாக ஒரு பொறி தட்டும். உடனே அணைந்துவிடும். சுத்தமாகக் கழுவுவதால் ஒரு பொருள் கெடும் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் எழுதியிருந்தது?

மிஷின் மாமா ஒரு தடவை அப்பாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தார். “மொதலாளி, மூணே நாள் என் கைல வுடு. புளி, சாம்பல் எதுவும் வேணாம். மெய்யாலுமே சொல்றேன், வெள்ளையா வர்லேன்னா என்னா கேளு.” அப்பா தலையாட்டினார். ஆனால் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமே, அதுவும் அத்தை இருக்கும்போது. “பாப்போம்” என்றார். அப்பா பாப்போம் என்றால் பார்க்கமாட்டார்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவள் அத்தைதான். மிஷினின் தலைக்குள்ளே பல்சக்கரம் இருக்கிறது, சக்கரத்துக்குக் கிரீஸ் போடுகிறார்கள், கிரீஸ் கறுப்பு, அது சொட்டுச் சொட்டாகக் குண்டானில் ஒழுகுகிறது, மிஷின்காரன் கவனிக்காமல் விட்டிருக்கிறான், தன் குற்றத்தை மறைக்கத்தான் பெண்கள் தேய்த்தது சரியில்லை என்கிறான். கேட்க எவ்வளவு கோர்வையாக இருந்தது! நான்கூட அதை உடனே நம்பிவிட்டேன். அப்பாடா, புரிந்துவிட்டது என்று இருந்தது.

அப்பாவுக்கு மனசு வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, நீ தினமும் அங்கேதானே இருக்க. மிஷின்காரர் கையில கறுப்பு எதையும் பாத்தியா?”

நான் பார்த்திருந்தேன். “துணியெல்லாம் கரேல்னு இருந்திச்சு. ரெண்டு துணி. துடுப்பை மாட்டுறதுக்கு முந்தி துடைச்சாரு” என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று சொன்னேன்.

“பாத்தியா தம்பி, பிள்ளை சொல்லுது” என்றாள் அத்தை.

மறுநாள் மிஷின் மாமாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. “கிரீஸ் ஒரு சொட்டு ஒழுகல மொதலாளி. தலையத் தொறந்து பாத்துக்க” என்றார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “வரட்டா பாப்பா” என்றார். நான் தலையை ஆட்டினேன். சாயங்காலம் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அப்பா அன்றைக்கே தலையைத் திறந்து பார்த்தார். ஒழுகவில்லைதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியும். ஒழுகாத கிரீஸ் எப்படி வெண்ணெயைக் கறுப்பாக்கும் என்று நான் திரும்பவும் குழம்ப ஆரம்பித்தேன்.

அதற்கு மறுநாளே தையல்காரர் என் கிறிஸ்துமஸ் கவுனைக் கொண்டுவந்தார். தூய வெள்ளை, கழுத்தில் சரிகை. போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டுக்கொண்டு அம்மாவிடம் காட்டப் புறவாசலுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் துடுப்பைத் தேய்த்து, அலசி, துடைத்து முடித்திருந்தாள். வெயிலில் கண் கூசியது. அண்டாவை நகர்த்துவதற்காக, “இந்தா, இதைக் கொஞ்சம் பிடி” என்று துடுப்பை என் கையில் கொடுத்தாள். கனமாக இருந்ததால் நான் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா திரும்பி வாங்கிக்கொண்டபோது என் வெள்ளைக் கவுனில் ஒரு துடுப்பு இருந்தது. காம்பு, விளிம்பு, நடுவில் இருக்கும் இடைவெளி, எல்லாம் அச்சுக் குத்தினாற்போலக் கறுப்பாக.

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மா தன் முந்தானையை எடுத்துத் துடுப்பைத் துடைத்தாள். முந்தானை கறுத்தது. தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, முந்தானையின் மறு ஓரத்தால் துடைத்தாள். கறுத்தது. உள்ளங்கையால் தேய்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்பறைப் பக்கம், மிஷின் இருக்கிற பக்கம் பார்த்தாள். அங்கே அப்போது யாரும் இல்லை.

“அம்மா, மிஷின் மாமா சொன்னாங்கல்லா, தேய்ச்சா…” என்று ஆரம்பித்தேன்.

“சும்மா இரு” என்றாள். அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

உள்ளே வந்ததும் அத்தை கவுனைப் பார்த்து, “ஐயோ, என்னட்டி இது!” என்றாள். அம்மா, “கரி மூட்டையில சாஞ்சிட்டா மதினி” என்றாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். கரி மூட்டை இருக்கிற பக்கமே நான் போகவில்லை. பொய் சொன்னால் நரகம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான்.

அன்றிலிருந்து அம்மா புளியையும் சாம்பலையும் பித்தளைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். துடுப்பையும் கொக்கியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து, சோப்புத் தடவி மெல்லத் துடைத்தாள். இன்னொரு துணியால் ஈரத்தை ஒற்றி, அதனதன் ஆணியில் மாட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை. நாலைந்து நாளில் துடுப்பின் பளபளப்பு போய் மங்கிவிட்டது. வெண்ணெய் பஞ்சாக வெளுத்துவிட்டது. மிஷினை இப்போது அப்பாவே ஓட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் அத்தை சொன்னாள், “அவன் போனான், கறுப்பும் போச்சு. நான் அன்னைக்கே சொன்னேம்லா.” அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதில் கிளற ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயில் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டேன். ஒரே சமயத்தில் இரண்டு காரியம் நடந்தால் எதனால் எது நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாமாவும் போனார், புளியும் போயிற்று. ஒருவேளை அத்தை சொல்வதும் சரியோ?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அத்தை உறவுக்காரர்களைப் பார்க்கப் பெரம்பூருக்குப் போயிருந்தாள். அம்மா ஒரு பெரிய வெள்ளைக் கேக்கைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி என் கையில் கொடுத்தாள். “மிஷின் மாமா வீட்டுல கொடுத்துட்டு வா. அம்மா கொடுத்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத” என்றாள்.

காசிமேட்டில் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். கூரை வீடு. வாசலில் கழுவிக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரங்கள் ஏழெட்டு, எதுவும் மின்னவில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தன. அவர் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை.

“அங்க வச்சிட்டுப் போ” என்றாள். பிறகு, “உங்கம்மா கேட்டா சொல்லு, ஆளு மரத்துலதான் போய்க்கினு வராருன்னு” என்றாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். எங்கள் கேக் பிடிக்காதவர்களும் ஊரில் இருக்கிறார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மிஷின் மாமா பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலை ஊசியால் பின்னிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் உப்பு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா பாப்பா, மிஷின் சோக்கா ஓடுதா?”

“ஓடுது மாமா.”

“வெண்ணெய்?”

“வெள்ளையா வருது.”

அவர் ஊசியை நிறுத்தினார். “துடுப்ப இப்போ இன்னா போட்டுத் தேய்க்கிறாங்க?”

பேசாதே என்று அம்மா சொன்னது நினைவிருந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுவது பேச்சில் சேர்த்தி இல்லை என்று தோன்றியது. “தேய்க்கிறதே இல்ல மாமா. அம்மா வெதுவெதுன்னு தண்ணி வச்சு, சோப்புத் துணியால துடைச்சு, ஆணில மாட்டிடுவாங்க” என்றேன், பெருமையாக.

அவர் மறுபடியும் வலையைக் கையில் எடுத்தார். “உங்கம்மா கெட்டிக்காரங்க பாப்பா. நான் சொன்னேன்னு சொல்லிடு” என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவுக்கும் அவருக்கும் நடந்த சண்டை தீர்ந்தது, இனி அவர் வந்துவிடுவார், நான் பழையபடி பன் தின்றுகொண்டு அங்கே உட்காரலாம். வழியெல்லாம் ஓடினேன். கல்மண்டபம் வந்ததும் மூச்சு வாங்கியது, அப்படியும் நிற்கவில்லை.

அம்மா புறவாசலில் கொக்கியை ஈரம் ஒற்றிக்கொண்டிருந்தாள். “கொடுத்தியா?” என்றாள். “கொடுத்தேன். மாமா மரத்துல போறாராம், அவுங்க வீட்டு அத்தை சொல்லச் சொன்னாங்க” என்றேன். அம்மாவின் கை நின்றது. அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், நல்ல சேதியைச் சொன்னால் சரியாகிவிடும் என்று அவசரமாகச் சொன்னேன். “நீ எப்படிக் கழுவுறேன்னு கேட்டாரும்மா. சொன்னேன். நீ கெட்டிக்காரின்னு சொன்னாரு. உன்கிட்ட சொல்லச் சொன்னாரு.”

அம்மா கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அத்தை எத்தனையோ ஏசியிருக்கிறாள், அப்போதெல்லாம் அழாத அம்மா. நான் சொன்ன வார்த்தையில் எது தப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கெட்டிக்காரி என்பது நல்ல வார்த்தைதானே? பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை அப்படிச் சொல்லமாட்டாரா என்றுதானே நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்? ஒன்றும் விளங்கவில்லை. இனிமேல் யார் எங்கே அம்மாவைப் பாராட்டினாலும் வீட்டில் வந்து சொல்லக்கூடாது என்று மட்டும் அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.